தொண்ணூறு நாள் சோதனை

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல் காது. பன்னிரண்டு சலவை இயந்திரங்களோடு ஒரே அறையில் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறவன் காது வேறு எப்படி இருக்கும்? நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை வலது கண்ணைக் காட்டினாரா இல்லையா? சின்ன வயசிலிருந்தே மங்கின கண் என்று விட்டுவிடக் கூடாது. இடது கண் ஒன்றே எத்தனை நாள் ரெண்டு பேர் வேலையைப் பார்க்கும்?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நாம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடைசியில் சண்டையை யார் ஆரம்பித்தது என்று ஒரு சண்டை. கடிதத்தில்தான் நீ என்னை முழுசாகப் பேச விடுகிறாய்.

சேதி இதுதான். எங்கள் சோதனை அறையில் மூன்றாம் நம்பர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஓயாமல் ஓடியது. 'எப்போது பழுதாகும் பார்ப்போம்' என்று பழைய முதலாளி ஓட விட்டது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அது ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மகன், சின்ன முதலாளி, வந்து பார்த்தார். "இது பெருமை இல்லைங்க, இதுதான் நம்ம வியாதி. ஒரு தடவை வாங்கினவன் திரும்பி வரவே மாட்டேங்கிறான்" என்றார். சொன்னதில் தப்பில்லை. சாகாத பெட்டியைச் செய்த கம்பெனி செத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் மூன்று மாதம் அரைச் சம்பளம்தான், உனக்குத் தெரியும்.

இப்போது புது மாடல். இரும்பு பாதி, தண்ணீர் பாதி, மின்சாரம் பாதி, விலையும் பாதி. பூமிக்கு நல்லது என்று விருதுகூடக் கொடுத்துவிட்டார்கள். அதில் என் யோசனையும் ஒன்று இருக்கிறது. டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டி ரெண்டு பாதியாக வரும், பதினான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்குவோம். தண்ணீர் கசிவதெல்லாம் அந்த ஸ்க்ரூ வழியாகத்தான். "ஸ்க்ரூவே வேண்டாம், விளிம்பை உருக்கி ஒட்டிவிடலாம்" என்றேன். கைதட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

தொண்ணூறு நாள் சோதனை ஜனவரி ஐந்தில் ஆரம்பித்தது. ஏப்ரலில் முடிந்ததும் என் கையெழுத்து. அது விழுந்தால்தான் மாடல் கடைக்குப் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அண்ணி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கொடுக்கச் சொல் என்றால் நீ கொடு என்று அர்த்தம்.

விருதுக்கு வாழ்த்து. உன் மூளைக்குள் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டிகள் சுற்றுவதால் உனக்கும் கொஞ்சம் சுற்றுகிறது போல. இதைக் கேள். நீ செய்த பெட்டி செத்தால் எங்கே போகிறது? எங்கள் கொட்டகைக்கு வருகிறது. நானும் அவரும் தினம் உன் பெட்டிகளைப் பிரித்துத்தான் சோறு தின்கிறோம். பதினான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தொட்டி வாயைத் திறக்கும், டிரம்மை உருவி எடுத்து எடைமேடையில் போடுவோம். பத்து நிமிஷ வேலை. நீ உருக்கி ஒட்டிவிட்டால் நாங்கள் எதைக் கழற்றுவது? உன் மண்டையையா?

சுத்தியலால்தான் உடைக்கணும். அந்தப் பிளாஸ்டிக் உடையும்போது எப்படித் தெறிக்கும் என்று உன் சோதனை அறையில் யாராவது பார்த்தார்களா? எங்களுக்குப் பெட்டிக் கணக்கில் கூலி. கண்ணில் மாட்டுகிற கண்ணாடி அரை மணியில் வேர்வையில் மங்கிவிடும், எல்லாரும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள்.

அண்ணா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதே. ஸ்க்ரூவைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு அப்புறம் போடு. நீ சொன்னால் கேட்பார்கள், கடிகாரமே கொடுத்திருக்கிறார்களே.

தங்கை

மச்சான், இவள் எழுதியதைப் படித்துவிட்டேன். கடிகாரம் நேரம் சரியாகக் காட்டுகிறதா, இல்லை அதுவும் உங்கள் புது மாடலா? — மாப்பிள்ளை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

அண்ணியும் நானும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், தண்ணீர் சூடு பத்தவில்லையாம். மாப்பிள்ளை கடைசியில் கிறுக்கும் அந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தைப் பின்னாலிருந்து பிரிக்கிறேன்.

நீ சொன்னதை ரெண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது என் புத்தியில் வரவே இல்லை. சாகிற வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. செத்த பிறகு என்ன ஆகும் என்று இந்த அறையில் எவனும் சோதித்ததில்லை.

சின்ன முதலாளியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. உட்கார வைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகச் சொன்னார். "சார், இரும்பு மிச்சம், அது பூமிக்கு லாபம். விலை குறைச்சல், இதுவரைக்கும் கையால துவைச்சவங்க வீட்டுக்கும் பெட்டி போகும், அது ஊருக்கு லாபம். நானூறு பேருக்கு முழுச் சம்பளம், அது நமக்கு லாபம். மூணு பேருக்கும் லாபம் வர்ற மாதிரி ஒரு தொழில் பண்ண முடியும்னு காட்டணும் சார். எங்கப்பா நல்லவரா இருந்தார், ஆனா கம்பெனியை மூடப் பார்த்தார்." கையால் துவைத்துத் துவைத்து நம் அம்மாவின் விரல்கள் என்ன ஆயின என்று நினைத்தேன்.

ஸ்க்ரூவைப் பற்றி 'பார்க்கலாம்' என்றார். கையெழுத்து இன்னும் என் கையில்தான் இருக்கிறது. யோசிக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வெயில் தவிர எல்லாம் சுகம். அவர் சுகம். நான் சுகமா என்பதைப் படித்துவிட்டு நீயே சொல்.

போன திங்கள் மூன்று லாரி வந்தது. முந்நூறு பெட்டி. மேலே சுற்றின பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எல்லாம் உங்கள் கம்பெனிதான், வெள்ளை வெளேரென்று. "எல்லாத்தையும் உடைக்கணும், ஒண்ணுகூட வெளியில போகக் கூடாது, கம்பெனி ஆள் வந்து நின்னு பார்ப்பார், ஒண்ணாம் தேதி ஆரம்பம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். "வித்துப் போகாததா?" என்று கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றார்.

அண்ணா, நான் இருபதாயிரம் செத்த பெட்டி பார்த்திருப்பேன். துரு, அழுக்கு, மூடிக்குள் மாட்டின காலுறை. அதெல்லாம் வாழ்ந்து முடித்த பெட்டி, கை கூசாது. இது ஒரு துணிகூடத் துவைக்கவில்லை. வரிசையாக நிற்கிறது. காற்றடித்தால் உறையெல்லாம் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சுவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறோம். யாரும் சொல்லிவைக்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

உன் சின்ன முதலாளியிடம் ஒன்று கேள். மூன்று பேருக்கும் லாபம் என்றால், அந்த லாபத்தைக் கொடுப்பது யார்? நாலாவதாக ஒருத்தன் எங்கேயோ இருக்கணுமே.

அதற்காக எங்களை உத்தமர்கள் என்று நினைக்காதே. பெட்டி நிறைய வந்தால் எங்களுக்கும் வேலை நிறைய. முன்பெல்லாம் வாரத்தில் மூன்று நாள் கொட்டகை பூட்டிக் கிடக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகூட வேலை. நானும் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.

தங்கை

மச்சான், முந்நூறில் ஒன்றை எனக்குத் தள்ளிவிடக் கூடாதா? உங்கள் தங்கை என் சட்டையைத் துவைப்பதே இல்லை. — மாப்பிள்ளை


மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம்தானே?

அந்த முந்நூறு பெட்டியை நீங்கள் உடைக்க வேண்டாம். வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கேள். முடியாது என்றால் மாப்பிள்ளையைக் கண்ணாடி மாட்டாமல் சுத்தியலைத் தொட விடாதே. மங்கினால் துடைத்துத் துடைத்து மாட்டட்டும். அந்தத் தொட்டி மற்றதைப் போல உடையாது. ஏன் என்று கேட்காதே, கடிதத்தில் எழுத முடியாது.

எனக்கு மூன்றாம் நம்பர் சத்தம் கேட்கிறது. அறையில் இல்லை, அதைத்தான் எடுத்துவிட்டார்களே. பஸ்ஸில் கேட்கிறது. குளிக்கும்போது கேட்கிறது. நேற்று சமையலறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

கையெழுத்து விஷயம் இன்னும் முடிவாகவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. பதில் தாமதம், வேலை. இங்கே எல்லாரும் சுகம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

முந்நூறும் உடைத்து முடித்தாயிற்று. கம்பெனி ஆள் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் கொஞ்ச நாளாக வேலைக்குப் போகவில்லை. ஓய்வு எடுக்கட்டும் என்று நான்தான் நிறுத்தினேன். வேறு ஒன்றும் இல்லை.

தங்கை

மச்சான், நலம். உங்கள் நலம் அறிய ஆவல். — மாப்பிள்ளை


மே 8

அன்புத் தங்கைக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "அடுப்புல வேலை இருக்குண்ணா" என்று வைத்துவிட்டாய். உன் வீட்டில் அத்தனை சமையலா நடக்கிறது?

கடைசி வரியை மாப்பிள்ளை எழுதவில்லை. என்னிடமா உன் வேலையைக் காட்டுகிறாய்? தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் என் பிழைப்பு. அவருடைய எழுத்துச் சாய்வைப் போலவே சாய்த்திருக்கிறாய், ஆனால் பேனாவை அழுத்தியிருக்கிறாய், தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது. அது கிடக்கட்டும். 'உங்கள் நலம் அறிய ஆவல்' என்று அந்த மனுஷன் ஜன்மத்தில் எழுதுவாரா? என்னைக் கிண்டல் பண்ணாமல் ஒரு வரி அவரால் எழுத முடியுமா?

என்ன ஆயிற்று? நேரில் வந்து பார்க்கணும். ரெண்டு நாள் பயணம், லீவு கேட்டால் தருவார்கள். வரப் பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை.

பதில் போடு. திட்டியாவது போடு.

அண்ணன்


ஜூன் 1

அன்புத் தங்கைக்கு,

நீ பதில் போடவில்லை. அதனால் நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்தைப் போட்டுவிட்டேன். ஏப்ரலில் இல்லை. ஜனவரி 25. சோதனையின் இருபதாம் நாள். வங்கிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், மாடல் தயார் என்று காட்டினால்தான் கடன், கடன் வந்தால்தான் சம்பளம் என்றார் சின்ன முதலாளி. "மீதி எழுபது நாள் ஓடிக்கிட்டே இருக்கட்டும் சார், ஏதாவதுன்னா நிறுத்திடலாம்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் முன்கூட்டிப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். உனக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் பொய் சொன்னேன்.

அறுபத்தோராம் நாள், பட்டப்பகலில், சோதனை அறையில் ஒரு தொட்டி வெடித்தது. சூடும் குளிருமாக மாறி மாறி ஓடியதில் அந்த மலிவுப் பிளாஸ்டிக் மண்பானை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சுவரில் பதிந்த சில்லுகளைக் குறடு வைத்துப் பிடுங்கினேன். நல்லவேளை, அப்போது நான் வாசலில் நின்றேன்.

நிறுத்தவில்லை. சோதனைப் புத்தகத்தைப் புதிதாக எழுதினார்கள், தொண்ணூறு நாளும் பழுதில்லை என்று. இருபதாம் நாள் தேதியிட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த முதல் முந்நூறு பெட்டியை உங்கள் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவையும் உறை சுற்றும் முன் துணியில்லாமல் சூட்டில் ஓட்டிப் பார்த்தவைதான். அதே தொட்டி, தேதியை மட்டும் ஏப்ரலுக்கு மாற்றி, இப்போது கடைகளில் விற்கிறது.

மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

நலம் விசாரிக்க மனசில்லை.

நீ சொன்னதில் எனக்குத் தெரியாதது வெடித்ததும் புத்தகத்தை மாற்றியதும்தான். நீ கையெழுத்துப் போட்டது ஏப்ரல் ஆறாம் தேதியே தெரியும். தொட்டியின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டுவீர்களே, வெளியே தெரியாதபடி? அவர் முகத்தில் தெறித்த தொட்டியின் அடிப்பாகம் என் காலருகே வந்து விழுந்தது. அதில் 'சோதனையாளர் எண் 41', ஜனவரி 25. நாற்பத்தொன்று யார் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு அந்த எண் கொடுத்த அன்றைக்கு வீடெல்லாம் இனிப்புக் கொடுத்தது நான்தானே?

இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண் எப்படி என்று உனக்குத் தெரியும். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழலாகத் தெரிகிறது. மேஸ்திரி ரெண்டு வாரக் கூலியும் ஒரு பை பழமும் கொண்டுவந்து வைத்தார்.

பிப்ரவரியில் 'போடாதே' என்று கெஞ்சினேன். போட்டு முடித்த கையெழுத்தைப் போடாதே என்று கெஞ்சியிருக்கிறேன்! நீயும் 'யோசிக்கிறேன்' என்று எழுதினாய். என்ன நடிப்பு அண்ணா!

அதைக்கூட மன்னித்துவிடுவேன். உன் கடிதத்தில் தேதி மார்ச் 28. உறை மேல் தபால் முத்திரை ஏப்ரல் 5. எட்டு நாள் அது எங்கே இருந்தது? அன்றைக்கே போட்டிருந்தால் ஒன்றாம் தேதியே என் கையில் இருந்திருக்கும். போனில் ஒரு வார்த்தை, 'கண்ணாடியைக் கழற்றாதே' என்று, அதுகூட உன் வாயிலிருந்து வரவில்லையா? உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு என்னால் சுத்தியலைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து கொட்டகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சில சமயம் எங்களைப் பார்த்துக் கத்துகிறார், "அது ஒட்டின தொட்டி, சத்தம் கேக்கலையா, தள்ளி நில்லு" என்று. சரியாகத்தான் சொல்கிறார், கம்பெனி கழித்துத் தள்ளுகிற ஒட்டின தொட்டி இன்னும் ஒன்றிரண்டு வருகிறது. அன்றைக்கு அவரைத் தள்ளி நிற்கச் சொல்லத்தான் யாரும் இல்லை.

தங்கை


ஜூன் 22

அன்புத் தங்கைக்கு,

எட்டு நாளும் என் சட்டைப் பையில் இருந்தது. தினம் தபால் பெட்டி வரைக்கும் போவேன். நீ 'ஏன்' என்று கேட்பாய், நான் பதில் சொல்லணும், அதுதான். போன் பண்ணாததும் அதனால்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. மாப்பிள்ளை காலில் விழுந்தாலும் தீராது.

இனிமேல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இதுவரை பதினோராயிரம் பெட்டி விற்றாயிற்று. போன வாரம் ஒரு வீட்டில் துணி பிழியும்போது தொட்டி வெடித்து ஒரு அம்மாவின் கையைக் கிழித்திருக்கிறது. 'அதிகத் துணி போட்டார்' என்று எழுதி முடித்தார்கள். பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். புத்தகம் சுத்தமாக இருக்கிறது, உங்கள் வாய்ச்சொல் போதாது என்றார்கள். சோதனை முடியும் முன்னே ஒப்புதல் கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் மறுநாளே விற்பனையை நிறுத்தி, விற்றதையும் திரும்ப வாங்க வைப்பார்களாம்.

எழுத்தில் இருந்ததெல்லாம் அந்த முந்நூறு ஸ்டிக்கர். நீ ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாய். எனக்கு உன்னைத் தெரியும். அனுப்பு.

கம்பெனி மூடிவிடும். நானூறு பேர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நீ கேட்டாயே, நாலாவது ஆள் யார் என்று. நான் யோசித்த வரைக்கும் இதுதான்: ஸ்க்ரூவைப் போட்டு, தொண்ணூறு நாள் பொறுத்து, கொஞ்சம் நல்ல பிளாஸ்டிக்கை வாங்கியிருந்தால், மூன்று பேருக்கும் லாபம் என்று அவர் சொன்னது நிஜமாகவே நடந்திருக்கலாம். நான் இன்னும் அதை நம்புகிறேன், சிரிக்காதே. ஆனால் எழுபது நாள் காத்திருக்க அங்கே ஒருத்தருக்கும் முடியவில்லை. எனக்கும்தான்.

அண்ணன்


ஜூலை 3

அண்ணாவுக்கு,

ஸ்டிக்கர் இல்லை. எரித்துவிட்டேன்.

சொல்வதைக் கேள். அதில் சின்ன முதலாளி பெயர் இருக்கிறதா? வங்கிக்காரன் பெயர்? மேஸ்திரி பெயர்? நாற்பத்தொன்று என்று மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜெயிலுக்குப் போகப்போவது யார்? அவர்களுக்கு வக்கீல் இருக்கிறான். உனக்கு யார் இருக்கிறார்கள், முழங்கால் வலிக்காரி ஒருத்தியைத் தவிர?

உன்மேல் ஆத்திரம் தீரவில்லை. இன்னும் பத்து வருஷத்துக்குத் தீராது. ஆனால் இந்த வீட்டில் ஒருத்தர் கண் போனது போதும். அண்ணனையும் நானே தூக்கிக் கொடுக்க மாட்டேன். கையைக் கிழித்துக்கொண்ட அந்த அம்மாவை நினைக்காமல் இல்லை. சாப்பிடும்போதெல்லாம் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன், என்ன செய்ய?

இதைப் பற்றி இனிமேல் எழுதாதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூலை 12

மச்சானுக்கு,

மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியது. எழுதுவது கொட்டகையில் எடைமேடை பார்க்கும் அக்கா. பக்கத்து வீடுதான், இன்றைக்கு அவளுக்கு லீவு. உங்கள் தங்கை வேலைக்குப் போயிருக்கிறாள். நான் சௌக்கியம் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் நம்ப மாட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை ஸ்டிக்கரை எரிக்கவில்லை. எரித்தவள் அதைப் பற்றி அத்தனை தடவை பேச மாட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். முகம் பார்க்கிற கண்ணாடி. இவன் எதற்கு அந்தப் பக்கம் வரப்போகிறான் என்று நினைத்துவிட்டாள். வீட்டில் ஆளில்லாத நேரம் பூராவும் சுவரைத் தடவிக்கொண்டு திரிகிறவன் நான் என்று அவளுக்குத் தெரியாது. இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது, நம்பரும் தேதியும் முழுசாக இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.

உங்கள் கடிதங்களை அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். சில இடங்களை விட்டுவிடுவாள், குரல் தாண்டும்போது தெரியும். பதினோராயிரம் என்பதை விடவில்லை. அந்த இடத்தை ரெண்டு தடவை படித்தாள்.

மச்சான், எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். தினம் காலையில் கண்ணைத் திறந்ததும் உங்களைத்தான் திட்டுகிறேன். அதற்காக நீங்கள் ஜெயிலுக்குப் போகணும் என்று இதை அனுப்பவில்லை. போனாலும் போவீர்கள். உங்கள் தங்கை என்னோடும் பேச மாட்டாள், உங்களோடும் பேச மாட்டாள். அதை ரெண்டு பேரும் தாங்கிக்கொள்ளணும். உங்கள் வீட்டுக்காரம்மாவை இங்கே அனுப்பிவையுங்கள், இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

ஏன் அனுப்புகிறேன் என்றால், போன செவ்வாய்க்கிழமை இதை எழுதுகிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புதுப்பெட்டி வாங்கியிருக்கிறோம், வந்து சத்தத்தைக் கேளுங்கள் என்று பெருமையாகக் கூப்பிட்டாள். தவணையில் வாங்கினதாம். கை வைத்துத் தட்டிப் பார்த்தேன். லேசாக இருந்தது. ஓட்டிக் காட்டினாள், நின்று கேட்டேன். முந்நூறு தொட்டிச் சத்தம் கேட்ட காது எனக்கு. அதே தொட்டிதான். அவள் மகள் அதன்மேல் சாய்ந்துகொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தள்ளி உக்காரும்மா என்று மட்டும் சொன்னேன், அந்தப் பிள்ளை சிரித்தது. முந்நூறும் எதற்காக உடைபட்டது என்று அக்காவுக்கு இதுவரை தெரியாது. இப்போது சொல்கிறேன்.

அந்த இடத்தில் அக்கா எழுதுவதை நிறுத்தினாள்.

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, மறுபடி எழுதுகிறாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையாம்.

மச்சான், இவள் வீடு பக்கத்தில் இருந்தது, ஓடினாள். மீதி வீட்டுக்கெல்லாம் ஓட ஆள் இல்லை. நாளைக்கே ஆய்வு அலுவலகத்துக்குப் போங்கள். இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மாப்பிள்ளை